பார்த்தவர்கள் பட்டியலில் எப்சி

கோபித்துக்கொள்ளாதே பிள்ளே. நீ பஸ் ஜன்னல் பக்கம் போனைத் தூக்கினதும் நான் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேனே, அது உன்மேல் உள்ள எரிச்சலில் இல்லை. மலையைத்தான் எடுத்தாய், தெரியும். ஓரத்தில் என் மூக்குக்கண்ணாடி விழுந்திருந்தால்தான் என்ன ஆகிவிடப் போகிறது. ஆனாலும் கை தானாகப் போய்விடுகிறது. கொஞ்ச நாளாக இப்படித்தான்.

ஸ்டேட்டஸ் வைக்கவா எடுத்தாய்? வை, வை. வேண்டாமென்று சொல்ல நான் யார். நானும் வைத்தவள்தான். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வந்து ஞானசௌந்தரி அம்மா வீடு எது என்று கேட்டால், "வசனம் போடுவாங்களே, அந்த அம்மாவா?" என்றுதான் கேட்பார்கள். ரோஜாப்பூ, புறா, அருவி, அதன்மேல் மஞ்சள் எழுத்தில் ஒரு வசனம். விடியுமுன் போட்டுவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுத்துக்கு நிழல் வைக்கிற வித்தையெல்லாம் நானாகவே படித்துக்கொண்டேன். என் மகன் கிங்ஸ்லி சிரிப்பான். "அம்மா, பேப்பர் ஆபீஸ்ல வேலைக்குச் சேத்துவிடட்டுமா?" என்பான்.

அப்புறம் ஏன் விட்டேன் என்று கேட்கிறாய். நாங்குநேரிகூட இன்னும் வரவில்லை, சொல்லுகிறேன். உனக்குத் தூக்கம் வந்தால் தூங்கு. நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரு மகளும் உண்டு. எப்சிபா. கிங்ஸ்லிக்கு மூத்தவள். நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமான பையன், பேச்சே கிடையாது. மாமியார்தான் கொஞ்சம் வாய். அது எந்த வீட்டில் இல்லை. எப்சி சின்னதிலிருந்தே மூடின பிள்ளை. முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தால் பாவாடையால் மறைத்துக்கொண்டு நடப்பாள். ரத்தம் துணியில் கசிந்த பிறகுதான் நமக்குத் தெரியும். "ஏட்டி, சொன்னா என்ன?" என்று கேட்டால், "சொன்னா எல்லாரும் பாப்பாங்க" என்பாள். இவன் அப்படி இல்லை, கிங்ஸ்லி. எறும்பு கடித்தால் தெருவே கூடிவிடும்.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் பிள்ளை இல்லை. ஒரு நாள் காலையில் போன் வந்தது. அவளுக்கு அழுகையில் பேச்சே வரவில்லை. "அம்மா, இந்தத் தடவையும் தங்கல. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவங்க அம்மாவுக்குக்கூட தெரியாது. எனக்கு உங்ககிட்ட மட்டும் சொல்லணும்போல இருந்துச்சு" என்றாள். இந்தத் தடவையும் என்கிறாளே, அப்படியானால் முதல் தடவை எப்போது? அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

பெற்றவள் என்ன செய்வாள், நீயே சொல். நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மெர்சியிடம் சொல்லவில்லை. என் கூடப்பிறந்த தங்கையிடம் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்கூட ரெண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். ஜெபக் குரூப்பில் மட்டும்தான் போட்டேன்.

வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு ஜெபக் குரூப் இருந்தது. துபாயிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் ஆள் உண்டு. யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் பேரோடு போடவேண்டும். பேர் சொல்லி ஜெபித்தால்தான் ஜெபம் போய்ச்சேரும் என்று ஒரு எண்ணம் எங்களுக்கு. அதனால், "என் மகள் எப்சிபாவுக்கு இரண்டாம் முறையும் கர்ப்பம் தங்கவில்லை, கர்ப்பத்தின் கனிக்காக ஜெபியுங்கள்" என்று போட்டேன். ஊரையும் போட்டேன். கை கூப்பின படம் ஒன்றும் போட்டேன். அடுத்த நிமிஷம் ஆமென், ஆமென், ஆமென் என்று மழை மாதிரி விழுந்தது. போனை மார்போடு வைத்துக்கொண்டேன். என் பிள்ளைக்காக இத்தனை முழங்கால் என்று மனசு நிறைந்துவிட்டது.

அந்தக் குரூப்பிலிருந்து யாரோ வேறொரு குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அது இன்னொன்றுக்குப் போயிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியாரோடு கோயிலில் உட்கார்ந்திருந்தபோது, போதகர் ஐயர் பேர் சொல்லி, "சகோதரி எப்சிபா முன்னால் வரவும், கர்ப்பத்துக்காக விசேஷ ஜெபம்" என்று கூப்பிட்டுவிட்டாராம். அவர் நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டார். போகத்தானே வேண்டும்? சபை முழுக்கப் பார்க்க, முன்னால் போய் முழங்கால் போட்டிருக்கிறாள். மாமியாருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

அன்றைக்குச் சாயந்திரம் போன் வந்தது. அழவில்லை. "அம்மா, என்னை உரிச்சுப் போட்டுட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

உரித்துப் போட்டேனாம். ஜெபம் கேட்பது உரிக்கிறதா, பிள்ளே? நான் ஊர்வம்பா பேசினேன்? கடவுளிடம் சொன்னேன். கடவுளிடம் சொல்லும்போது நாலு பேர் கூட இருந்தார்கள், அவ்வளவுதானே.

வீட்டுக்காரர், "விடு ஞானம், தானா வருவா" என்றார். வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. அப்புறம் மணியே போகவில்லை. வாட்ஸ்அப்பில் அவள் படம் காணாமல் போய், சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை வந்துவிட்டது. நான் தினமும், "சாப்டியா?" என்று அனுப்புவேன். ஒரே ஒரு டிக் விழுந்து அப்படியே நிற்கும். கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிற மாதிரி. ஒரு வருஷத்துக்குமேல் அப்படி நின்றேன்.

ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், ரெண்டு டிக். நீலம். என் "சாப்டியா?"வை எப்சி பார்த்துவிட்டாள். மொட்டைத் தலை போய், ஜோடிக் கிளி படம் ஒன்று வந்திருந்தது. பதில் இல்லை, இருக்கட்டும். பார்த்தாளே. அடுத்த ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். "கர்த்தர் என் மகளுடைய இருதயத்தைத் திறந்தார்" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். நீல டிக்கைப் பற்றியும் சொன்னேன். சபையே கை தட்டியது.

அதற்கப்புறம் ஸ்டேட்டஸ். நான் போடுகிறதை யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கீழே ஒரு பட்டியல் வருமே, அதில் எப்சி பேர் வந்தது. மறுநாளும் வந்தது. தினமும் வந்தது. காலையிலேயே, எல்லாருக்கும் முந்தி. மற்ற பேரெல்லாம் எனக்குச் சந்தையில் இடிபடுகிற ஆட்கள் மாதிரி. அவள் பேரைத்தான் விரல் தேடும். ரோஜாப்பூவைக் குறைத்தேன். அவளுக்கென்றே போட ஆரம்பித்தேன். "இன்று அவியல் வைத்தேன், முருங்கைக்காய் இல்லாமல்" என்று போடுவேன். அவளுக்கு முருங்கைக்காய் ஆகாது. "மாடியில் துணி எடுக்கப் போனேன், ஒரு ஆள் இல்லாமல் போர்வையை மடிக்க முடியவில்லை" என்று போடுவேன். போர்வைக்கு மறுமுனையைப் பிடிக்கிறவள் அவள்தான். பார்த்திருப்பாள். பேர் வந்திருக்கும். ஒரு சொல் பேசமாட்டாள். அந்த மௌனத்தோடேயே குடும்பம் நடத்தினேன், என்னவென்று சொல்ல. சாப்பிடும்போது அவள் பார்க்கிறாள். விளக்குமாறு எடுத்தால் பார்க்கிறாள். ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால், முடித்தபிறகு யார் பார்த்தார்கள் என்று மனசு தேடும். கடவுள் பார்த்தது போதவில்லை எனக்கு. சிரிக்காதே.

சிரிக்கவில்லையா? சரி.

வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். ஆப்பரேஷனுக்கு முந்தின நாள், "எப்சி, அப்பாவை நாளைக்கு ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள், பயமாக இருக்கிறது" என்று வெளிப்படையாகவே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டேன். பேர் வந்தது. பார்த்துவிட்டாள். வருவாள் என்று ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டாலெல்லாம் எழுந்தேன். வரவில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்த பிறகு எனக்கு ஒரு கோபம் வந்தது பார். இவ்வளவு கல்நெஞ்சா என் வயிற்றில் பிறந்தது என்று, அந்தப் பேரையே அழுத்திப் போன் போட்டுவிட்டேன்.

மணி போனது. எடுத்தது ஆம்பிளைக் குரல்.

"சொல்லுங்கம்மா."

"எப்சி இருக்காளா?"

"இங்க எப்சின்னு யாருமில்லீங்க. எனக்கு ஊரு பரமத்திங்க. பஞ்சர் கடை வச்சிருக்கேன்."

அவரே பேசினார். "இது கடையில புதுசா வாங்குன நம்பருங்க. வாங்குன அன்னைக்கே நீங்க 'சாப்டியா?'ன்னு அனுப்புனீங்க. யாரோ ஒரு அம்மாவாட்ட இருக்குதுன்னு, சாப்டியா அம்மான்னே பேரு போட்டு வச்சுக்கிட்டேனுங்க. காலையில நீங்க போடுறதப் பாத்துட்டுத்தான் கடை திறப்பேன்."

"தப்பான நம்பர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"சொல்லலாமுங்க. சொன்னா நிறுத்திப்போடுவீங்களே."

வைக்கப்போகும்போது அவர் கேட்டார். "ஏனுங்கம்மா, வீட்டுக்காரருக்கு இப்பப் பரவாயில்லைங்களா? தையல் பிரிச்சாச்சுங்களா?"

நல்ல மனுஷர்தான். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தத் தையல் என்ற வார்த்தையில் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, பிள்ளே. குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி. என் புருஷன் வயிற்றுத் தையல் பரமத்தியில் முகம் தெரியாத ஒருத்தருக்கு எதற்கு? என் அவியலும் போர்வையும் எதற்கு? நானாகவேதான் போட்டேன், சரி. ஆனால் அவருக்கென்று போடவில்லையே. ஒருவருக்கென்று சொன்னதை இன்னொருவர் எடுத்து வைத்துக்கொள்வது என்ன நியாயம்? இதை எந்த அம்மா பொறுப்பாள்?

என்ன அப்படிப் பார்க்கிறாய்?

சரி. அன்றைக்கே போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மூடினால் விடுகிறதா அது. சமையல்கட்டில் நிற்கும்போது டிரம்முக்குள்ளிருந்து டிங் என்று கேட்கும். அணைத்த போன். எனக்குத் தெரியும், அணைத்திருக்கிறது. ஆனாலும் கேட்கும். வேதப்புத்தகத்தைத் திறந்தால் பெருவிரல் தானாகத் தாளை மேல்நோக்கித் தள்ளும். முதுகில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். முன்னால் அது எப்சியின் கண், இதமாக இருந்தது. இப்போது யாருடையதென்று தெரியாத கண். துணி மாற்றக் கதவைச் சாத்தினாலும் உள்ளேயே இருக்கும். இதில் பெரிய பயம் என்ன தெரியுமா? இவ்வளவு நாளும் எப்சி என்னைப் பார்க்கவே இல்லை என்பது. ஒரு நாள்கூட. நான் அவளோடு பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் அங்கே இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையை, இல்லாத பிள்ளை மாதிரி நினைத்துத் திடுக்கென்று எழுந்து உட்காருவேன்.

கிங்ஸ்லிக்கு அவள் புது நம்பர் தெரியும். தரமாட்டான். "அக்கா குடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா, என்ன விட்ருங்க" என்பான். நம்பர் வேண்டாம்டா, விலாசம் மட்டும் கொடு என்றேன். ரொம்ப நாள் யோசித்துவிட்டு, "எழுதிப் போடுங்க. வாசிக்கிறதும் கிழிக்கிறதும் அவ இஷ்டம்" என்று கொடுத்தான்.

எழுத உட்கார்ந்தேன். எப்சி கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது வாராவாரம் அவளுக்குக் கடுதாசி எழுதினவள்தான் நான். உன் பச்சைத் தாவணியை எலி கடித்துவிட்டது, அப்பா செருப்பை மாற்றிப்போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார், இப்படித்தான் எழுதுவேன். லீவுக்கு வரும்போது, "அம்மா, லெட்டர் வந்தா பிள்ளைங்க எல்லாம் கேப்பாங்க, நான் யாருக்கும் காட்டமாட்டேன்" என்பாள். ஏனடி என்றால், "அது எனக்கு வந்தது" என்பாள். இப்போது பேனாவைப் பிடித்தால் ஒன்றும் வரவில்லை. "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்று வருகிறது. "இனிய காலை வணக்கம்" என்று வருகிறது. கை கூப்பின படத்துக்கு விரல் தேடுகிறது. கையாலேயே வரைந்து பார்த்தேன், ரெண்டு கத்தரிக்காய் மாதிரி வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன ஞானம், சந்தைக்கு எழுதிக் குடுக்கியா?" என்றார்.

கிழித்துப் போட்டேன். தினக் காலண்டரில் கிழிக்கிற தாள்களின் பின்பக்கத்தில் சும்மா எழுதிப் பழகினேன். யாருக்கும் இல்லை. இன்று தண்ணீர் வரவில்லை. மெர்சி வீட்டுப் பூனை குட்டி போட்டது. எழுதி முடித்ததும் வழக்கப்படி காத்திருப்பேன், யாராவது பார்த்தார்களா என்று. தாள் பாட்டுக்குக் கிடக்கும். டிக் விழாது. பேர் வராது. முதலில் அது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. யாருமே பார்க்காத எழுத்து எதற்கு என்று அழுதுகூட இருக்கிறேன். அப்புறம் மெதுவாக, மெதுவாக, டிரம்முக்குள் சத்தம் குறைந்தது. முதுகு கொஞ்சம் என்னுடையதானது. ஜெபத்தில் வாய் தானாக அடங்கியது. கண்ணை மூடி, எப்சி, என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பேன். காரியத்தைச் சொல்லமாட்டேன். கடவுளுக்குத் தெரியாததா.

அப்படித்தான் இந்தக் கடுதாசியை எழுதினேன். இதோ, பைக்குள் இருக்கிறது. போன வாரமே முடித்துவிட்டேன். தபாலில் போட மனசு வரவில்லை. மாமியார் கையில் போய்விட்டால்? அதனால் நானே கொண்டுபோகிறேன். கதவைத் தட்டமாட்டேன். கதவுக்கடியில் தள்ளிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பூனைக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன், தண்ணீர் வராததைப் பற்றி எழுதியிருக்கிறேன். வசனம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரிதான் முக்கியம். அதற்காகத்தான் இவ்வளவும். "போனை மூடின நாளிலிருந்து உன் காரியத்தை நான் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை." அதை எழுதும்போது ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தவில்லை பிள்ளே. ஏனென்றால் நிஜம். மெர்சி எத்தனை தரம் கேட்டாள், எப்சிக்கு ஏதாவது விசேஷம் உண்டா என்று. குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். வாய் திறக்கவில்லை. இந்த ஒரு வரியை அவள் வாசித்தால் போதும். கதவைத் திறக்காவிட்டாலும் போகிறது. வாசித்தால் போதும்.

என்ன? பஸ் இரைச்சலில் கேட்கவில்லை, திரும்பச் சொல்.

"கவலைப்படாதீங்கம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாயா.

...

இல்லை. ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. நீ நல்ல பிள்ளை. நல்ல மனசோடுதான் சொன்னாய்.

இது எந்த ஊர்? ஆரல்வாய்மொழியா? கரண்ட் எடுக்கிற காற்றாடியெல்லாம் தெரிகிறதே. ஏறினதிலிருந்து இவ்வளவு தூரமும் நான் பேசிக்கொண்டேவா வந்தேன்?

அவள் பேரையும் சொல்லிவிட்டேன் உன்னிடம். தங்காததையும் சொல்லிவிட்டேன். கோயிலில் முழங்கால் போட்டதையும். நீ கேட்கக்கூட இல்லை. ஏன் ஸ்டேட்டஸ் வைக்கிறதை விட்டீர்கள் என்றுதானே கேட்டாய்.

உன்னிடம் பேனா இருக்கிறதா, பிள்ளே?

கொடு. பையை இப்படி மடியில் வை, அதன்மேல் வைத்து எழுதுகிறேன். கடைசி வரி. இதுதான். அடிக்கிறேன், பஸ் ஆட்டத்தில் கோடு எங்கேயோ போகிறது. இன்னொரு தரம். அடித்தாலும் கீழே எழுத்து தெரிகிறது பார். தெரிகிறதுதானே? "வாய் திறக்கவில்லை" என்கிறது நன்றாகவே தெரிகிறது. வேறு தாள் இல்லை. திரும்ப எழுத நேரமும் இல்லை.

இருக்கட்டும். என்ன எழுதினேன், ஏன் அடித்தேன் என்று அவளுக்குப் புரியும். அவளுக்கு என்னைத் தெரியும். இதை வாசித்ததும் தெரிந்துகொள்வாள், அம்மா வழியில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள் என்று. கிழித்தாலும் கிழிப்பாள்.

போகாமல் திரும்பிவிடட்டுமா? நீ சொல்லாதே. உன்னிடம் கேட்கவில்லை.

பேனாவை வைத்துக்கொள். உன் பேர் என்னவென்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா? தெரிந்தால் ஜெபத்தில் சொல்லுவேன். வேண்டாம். நீ யாரோ ஒரு பிள்ளையாகவே இரு.

வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. எழுந்திரு. நீ முன்னால் இறங்கு, நான் கூட்டம் கலைந்தபிறகு இறங்கிக்கொள்கிறேன். பையைப் பிடிக்கவேண்டாம், ஆட்டோ பிடித்துத் தரவும் வேண்டாம். பேரைத்தான் சொல்லிவிட்டேன், அவள் தெருவாவது அவளுடையதாக இருக்கட்டும். போ பிள்ளே, திரும்பிப் பார்க்காமல் போ. நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று உனக்குத் தெரியவேண்டாம்.